பிக்கரிங்கில் எங்களுக்கு ஒரு வீடு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி குகன் சித்தப்பா, மேசைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் வேலை செய்யும் மார்சியா என்ற பெண்மணி. இருந்திருக்க வேண்டியவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் அம்மா. அவருக்கு அன்று வேலை. (அம்மா லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திராது.) மற்றவர் எங்கள் ஆட்களுக்கு வருமானவரிக் கணக்கு முடித்துக் கொடுக்கும் நந்தன் அண்ணை. எல்லாவற்றையும் தொடக்கி வைத்த புண்ணியவான். அவர் அந்த வாரம் கியூபாவில் கடற்கரையில் படுத்திருந்தார்.

இவர்களுக்குள் பெரிய மடையன் யார் என்று நீங்கள் தேடவேண்டாம். நான்தான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஒருவருடைய கலியாணத்துக்குத் தைத்த கோட்டும், ஐந்து நிறத்தில் ஒட்டுத்தாள் வைத்த ஒரு ஃபைலும், உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையுமாக அங்கே போயிருந்தேன். கோட்டு மட்டும்தான் எனக்கு அளவாக இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா எட்டோடு. ஆகவே ஒன்பது வயதிலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது, படிவங்களை நிரப்புவது, டொக்டரிடமும் வங்கியிலும் மொழிபெயர்ப்பது எல்லாம் என் வேலை. பெற்றோர் சந்திப்பிலும் மொழிபெயர்ப்பாளன் நானே. "உங்கள் மகன் வகுப்பில் ஓயாமல் கதைக்கிறான்" என்று ரீச்சர் சொன்னதை, "நான் நல்லாக் கதைக்கிறனாம்" என்று சொல்லி அப்பாவிடம் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். இப்படி ஒன்பது வருட சேவையில், அரசாங்கப் படிவங்களில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு வந்திருந்தது.

அந்தத் தலைக்கனத்தோடுதான் மாணவர் கடனுக்கும் விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்குக் கனடா அரசாங்கம் ஒரு பகுதியைக் கடனாகவும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவியாகவும் தரும். என்னோடு படித்த சுஜீவனின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பாண் சுடும் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நிற்பவர்கள். அவனுக்கு வருடத்துக்கு ஆறாயிரம் டொலர் உதவியும், மிச்சத்துக்குக் கடனும் வந்திருந்தது. நானும் அதையே எதிர்பார்த்துத் திரையைத் திறந்தேன்.

உதவி: பூச்சியம். கடன்: பூச்சியம். காரணம்: குடும்ப வருமானம் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் டொலர்.

நாங்கள் வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டின் அடியில், பேஸ்மென்ரில் இருந்தோம். மேல்வீட்டுக்காரர் குளித்தால் எங்கள் குசினிக் கூரையில் ஈரம் தெரியும். நான் திரையை மூடி, திரும்பத் திறந்து பார்த்தேன். பிறகு குசினிக்குள் போய், "அம்மா, நீங்கள் வருசத்துக்கு எவ்வளவு உழைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அம்மா மில்லிக்கனில் ஒரு ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றுபவர். "இருபத்திரண்டு வரும். ஏன், கடன் கேக்கப் போறியோ?"

"அப்பா?"

"நாப்பத்தொண்டு. ஓவர்ரைமோடை."

"அப்ப மிச்சம் ஐம்பத்திரண்டாயிரம் ஆர் உழைக்கிறது?"

தங்கச்சிக்கு அப்போது பதினொரு வயது. தலையை நிமிர்த்தி, "வெயிட், அண்ணா. நாங்கள் ரிச்சா?" என்று கேட்டாள்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "அதுதானோ இவளின்ரை காசு குறைஞ்சது!" பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் பணம் போன வருடம் திடீரெனக் குறைந்திருந்தது. அம்மா அதற்காக ஒரு வருடமாகப் பிரதமரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. "அது குகன்ரை வீட்டு விசயமாயிருக்கும்" என்றார், மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்வது போல.

எங்கள் ஆட்களிடம் 'பேர் குடுக்கிறது' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் வீடு வாங்க ஆசைப்படுவார். அவருடைய வருமானம் வங்கிக்குப் போதாது. அப்போது நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவர் அந்த வீட்டுக்கடனில் தன் பெயரையும் சேர்த்துக் கொடுப்பார். காசு கொடுப்பதில்லை, வீட்டில் பங்கும் கேட்பதில்லை. பெயர்தானே, சும்மா கிடக்கிறது, கேட்டவனுக்குக் கொடுத்தால் தேயவா போகிறது? சித்தப்பா பிக்கரிங்கில் நாலு அறை வீடு வாங்கியபோது அப்பா கொடுத்தது அப்படித்தான். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் எட்டு மாதம் சித்தப்பாவின் அப்பார்ட்மென்ற் ஹோலில்தான் படுத்தோம். வாடகை என்ற சொல்லை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஆனால் அப்பாவின் வருமானமும் வங்கிக்குப் போதவில்லை. அங்கேதான் நந்தன் அண்ணை வருகிறார். அவர் அப்பாவுக்கு ஒரு கிளீனிங் கொம்பனி தொடங்கிக் கொடுத்தார். தாளில். அந்தக் கொம்பனிக்கு ஒரு துடைப்பம்கூடக் கிடையாது, ஆனால் வருடம் ஐம்பத்திரண்டாயிரம் டொலர் இலாபம். அதற்கு வரும் வரியைச் சித்தப்பா கட்டிவிடுவதாகப் பேச்சு. அப்பா இந்தக் கொம்பனியை எவ்வளவு நேர்மையாக மறந்திருந்தார் என்றால், நான் கேட்டபோது அதன் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை.

மெல்போர்னில் இருக்கும் என் மச்சான் துவாரகனுக்கு அன்றே விசயத்தை அனுப்பினேன். அவனும் அந்த வருடம்தான் பல்கலைக்கழகம் போனவன். "இஞ்சை உந்தக் கரைச்சலே இல்லை மச்சான்" என்று குரல்பதிவு அனுப்பினான். "ஃபீஸ் முழுக்க கவர்ன்மென்ற் கட்டும். படிச்சு முடிச்சு, நான் ஒரு அளவுக்கு மேலை உழைக்கத் தொடங்கினாப் பிறகுதான் வரியோடை கொஞ்சங் கொஞ்சமா எடுப்பான். அப்பா என்ன உழைக்கிறார், அவருக்கு எத்தினை வீடு எண்டு ஒருத்தனும் கேக்கமாட்டான்." பின்னால் கிரிக்கெட் சத்தம் கேட்டது. அவன்மேல் எனக்கு அன்று பெரிய அன்பு வரவில்லை.

கட்டணம் கட்ட இரண்டு வாரம் இருந்தது. கட்டாவிட்டால் இடம் போய்விடும். முடிவை மீளாய்வு செய்யக் கேட்கலாம், பெற்றோரோடு வந்து நிலைமையை விளக்கலாம் என்று அலுவலகத்தின் இணையப்பக்கத்தில் போட்டிருந்தது. 'விளக்கலாம்' என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இது ஒரு தவறான புரிதல், தெளிவாக விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் தட்டினேன். முதலாம் பந்தி: பிக்கரிங் வீடு என் தந்தையுடையது அல்ல, அவர் பெயரை மட்டும் கொடுத்தார். இரண்டாம் பந்தி: மேற்படி கிளீனிங் கொம்பனி என்று ஒன்று உலகத்தில் இல்லை. மூன்றாம் பந்தி: இவை இரண்டையும் உறுதிப்படுத்தச் சம்பந்தப்பட்ட இருவரையும் நேரில் அழைத்து வந்திருக்கிறேன்.

இதில் என்ன பிழை என்று உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. மோசடி என்றால் யாரோ முகம் தெரியாதவன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடனட்டை இலக்கம் கேட்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவிடம் கறிவேப்பிலைச் செடி கேட்டு வாங்குகிற சித்தப்பா செய்கிற காரியமும் அதே சொல்லுக்குள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்து, வீட்டு விசயமாக ஒரு விளக்கம் சொல்ல யூனிவர்சிட்டிக்கு வரமுடியுமா என்று கேட்டேன். "அதுக்கென்னடா தம்பி, என்ரை அண்ணன்ரை பிள்ளை படிக்கப் போகுது. வராமல் விடுவனே?" என்றார். என் குணநலத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாராம். கோட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கையில் ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து நின்றார்.

"இது ஆருக்குச் சித்தப்பா?"

"உள்ளுக்கை இருக்கிற மனிசிக்குத்தான். வெறுங்கையோடை போறதே?" (அது அம்மா வேலை செய்யும் கடையில் வாங்கியது. அன்று காலை அம்மாவே சுற்றிய ரோல்ஸ், யாருக்குப் போகிறது என்று தெரியாமல்.)

அறைக்கு வெளியே நடையில் கதிரைகள் போட்டிருந்தன. சித்தப்பா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "அப்ப தம்பி, உள்ளுக்கை என்ன சொல்லப்போறம்?" என்று கேட்டார். நான் ஃபைலைத் திறந்து கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முதலாம் பந்தியில் அவருடைய கால் நின்றது. இரண்டாம் பந்தியில் எழுந்துவிட்டார்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான் சித்தப்பா."

"வேறை ஆரும் பாத்தவையோ?"

"இல்லை. ஏன், பிழை இருக்கோ?"

"இங்கிலிஷ் நல்லாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா உதைக் குடுத்தியெண்டா நீ யூனிவர்சிட்டிக்குப் போவாய். நானும் கொப்பரும் வேறை இடத்துக்குப் போவம்."

சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குளிர்பான மெசின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நிமிடம் இருக்கும். மெசினின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பா கதைத்துக்கொண்டே இருந்தார், அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது கதவு திறந்தது. மார்சியா என் பெயரைக் கூப்பிட்டார், அதுவும் ஓரெழுத்துப் பிழையில்லாமல். அவ்வளவு நல்ல மனுசி.

உள்ளே போனதும் சித்தப்பா பெட்டியை மேசையில் வைத்தார். அன்பளிப்பு வாங்க எங்களுக்கு அனுமதியில்லை என்று மார்சியா சிரித்துக்கொண்டே தள்ளி வைத்தார். "இல்லை மிஸ், சும்மா ஒண்டு. ஸ்பைசி இல்லை" என்று சித்தப்பா திரும்பத் தள்ளினார். பெட்டி மேசையில் மூன்றுமுறை போய்வந்து கடைசியில் அப்பாவின் மடியில் நின்றது.

நான் ஃபைலைத் திறக்கவில்லை. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தேன். மார்சியா கணினியில், 'பிக்கரிங் வீட்டு விசயம்' என்று இந்தச் சந்திப்புக்கு நான் போட்டிருந்த காரணத்தைப் பார்த்துவிட்டு, நேரே அப்பாவிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"அப்பா, பிக்கரிங்கிலை இருக்கிற வீடு உங்கடையோ எண்டு கேக்கிறா."

பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்விக்குப் பதிலை அப்பாவுக்கு நாலுதரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மார்சியாவைப் பார்த்தார். சித்தப்பா இருந்த பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"ஓம். என்ரை வீடுதான்."

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவருடைய தாளில் ஏறப்போகிறது. வகுப்பில் கதைத்ததற்கு ஐஸ்கிரீம் வாங்கிய வாய் இது. மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாததா? ஆனால் அப்பாவின் விரல்கள் ரோல்ஸ் பெட்டியின் மூலையை நசித்துக்கொண்டிருந்தன. "அது அவருடைய வீடுதான் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் சேவைக்காலத்தில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அதுதான் முதல்தடவை. அது ஒரு பொய்.

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்தமுடியவில்லை. கேட்காததையும் சொன்னார். "நாலு ரூம். ரெண்டரை வோஷ்ரூம். குசினி நிலத்துக்கு ரைல்ஸ் நான்தான் போட்டனான். மூண்டு ஞாயிற்றுக்கிழமை." அது உண்மை. சித்தப்பாவின் குசினியில் முழங்காலில் நின்று அப்பா போட்டதுதான் அந்த நிலம். நான் சிமெந்து குழைத்துக் கொடுத்தேன்.

"பிசினஸ் எப்படிப் போகிறது?" என்று மார்சியா கேட்டார்.

"பரவாயில்லை. ஆக்கள் பிடிக்கிறதுதான் கரைச்சல்" என்றார் அப்பா. இந்தத் திறமை அவரிடம் எங்கே இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

"எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?"

"ரெண்டு" என்றார் அப்பா. அதே நேரம் சித்தப்பா "ஐஞ்சு" என்றார்.

மார்சியா பேனாவை நிறுத்தினார். "கோடையில் ஐந்து, குளிரில் இரண்டு" என்றேன் நான். ஆக, அந்த நிறுவனத்தின் முகாமையில் நானும் சேர்ந்துவிட்டேன்.

அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, உண்மையாகவே சந்தோசப்பட்டார். ஒன்றுமில்லாமல் வந்து இவ்வளவு தூரம் உயர்ந்த குடும்பத்தைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது என்றார். உதவிப்பணம் வசதியில்லாத குடும்பங்களுக்கானது என்பது எங்களுக்கும் விளங்கும்தானே என்றார். போகும்போது எனக்கு ஒரு யோசனையும் சொன்னார்: கோடை விடுமுறையில் வேறெங்கும் அலையாமல் அப்பாவின் கொம்பனியிலேயே வேலை செய்யலாமே!

வெளியே சித்தப்பா காரில் ஏறச் சொன்னார். அப்பா, "நாங்கள் பஸ்ஸிலை வாறம்" என்றார். சித்தப்பா என் கோட்டுப் பைக்குள் ஐந்நூறு டொலரை வைத்து, "தம்பி, சித்தப்பா இருக்கிறன்" என்றார். நான் எடுத்து அவருடைய காரின் மேல் வைத்துவிட்டு நடந்தேன். (காற்று அடித்து ஒரு தாள் பறந்தது. அவர் கோட்டோடு ஓடிப் பிடித்தார். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.)

பஸ்ஸில் அப்பா பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸை என்னிடம் நீட்டினார். வேண்டாமென்றேன்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அவன்ரை பிள்ளையள் ரெண்டும் சின்னன். வீடு போனா எங்கை போகுங்கள்?"

"அப்ப நான்?"

அப்பா ரோல்ஸை இன்னும் கிட்ட நீட்டினார். "நீ கெட்டிக்காரன். எப்பிடியும் படிச்சிடுவாய்."

சின்ன வயதிலிருந்து கெட்டிக்காரன் கெட்டிக்காரன் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அதற்கு இப்படி ஒரு விலை வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ரோல்ஸை வாங்கிச் சாப்பிட்டேன். நல்லாயிருந்தது. அது நல்லாயிருந்ததும் எனக்குக் கோபமாக இருந்தது.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அழவில்லை, அப்பாவை ஒரு சொல் ஏசவில்லை. கைகளைத் துடைத்துவிட்டு, "அப்ப நாளைக்கே வெளிக்கிடுவம்" என்றார்.

"எங்கை?" என்றார் அப்பா.

"பிக்கரிங்குக்கு. எங்கடை வீடெல்லோ. நாலு ரூம், ஆளுக்கொண்டு. வோஷ்ரூம் ரெண்டரையாம், அந்த அரை உங்களுக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஓயவில்லை. கூரையில் ஈரம் தெரிந்தால், "பிக்கரிங்கிலை எண்டா உப்பிடி ஒழுகாது" என்பார் அம்மா. தங்கச்சி வீட்டுவேலை செய்யப் பஞ்சிப்பட்டால், "எங்கடை கொம்பனியிலை ஐஞ்சு பேர் நிக்கினம், ஒராளைக் கூப்பிடு" என்பார். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முன்தினம் அப்பாவும் நானும் வங்கிக்குப் போனோம். மாணவர்களுக்கு வங்கிகள் தரும் கடன் ஒன்று இருக்கிறது. முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். பெற்றோரில் ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும். வங்கிப் பையன் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. அப்பாவின் வருமானத்தைப் பார்த்தான், கொம்பனியைப் பார்த்தான், பிக்கரிங் வீட்டைப் பார்த்தான். இருபது நிமிடத்தில் கடன் சரி என்றான். எந்தக் காகிதம் அரசாங்கத்தின் கதவைச் சாத்தியதோ அதே காகிதத்துக்கு இங்கே தண்ணீர்ப் போத்தல் கொடுத்து உபசரித்தார்கள்.

பொறுப்பு நிற்பவர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவன் அப்பாவிடம் தள்ளினான். அதில் என்ன இருக்கிறது என்று விளக்க நான் வாயெடுத்தேன். அப்பா கேட்கவில்லை. அவர் எந்தக் கடதாசியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவரில்லை. "எங்கை?" என்று மட்டும் கேட்டார். நான் விரலால் காட்டினேன். சித்தப்பாவுக்குக் கொடுத்த அதே பெயரை, பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக எனக்கும் எழுதிக் கொடுத்தார்.

நான் படித்தேன். சித்தப்பாவின் வருமானம் தனியே போதாததால் வங்கி அப்பாவின் பெயரைக் கழற்ற விடவில்லை. பெயர் இருக்கும்வரை கொம்பனியும் இருந்தது. ஒவ்வொரு செப்ரெம்பரும் விண்ணப்பித்தேன், ஒவ்வொரு செப்ரெம்பரும் பூச்சியம். வரிக்காசைச் சித்தப்பா முதல் இரண்டு வருடம் முழுதாகத் தந்தார், பிறகு பாதியாக, பிறகு காசுக்குப் பதில் ஒரு பை கறிவேப்பிலையாக. இப்போது கோவிலில் கண்டால் நான் தலையாட்டுவேன். அப்பா அவரோடு வழக்கம் போலக் கதைப்பார்.

போன மாதம் வேலையிடத்தில் என் முதல் சம்பள உயர்வு. அதைக் கொண்டாட எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று, "டேய், அந்தப் பேர் குடுத்ததுக்கு முழுக்க எவ்வளவு போச்சுது எண்டு ஒருக்காப் பார்" என்றார். "உதை இப்ப என்னத்துக்கு?" என்றார் அப்பா. அம்மா ஒரு கடித உறையையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். சுஜீவனுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காத உதவிப்பணம் நாலு வருடத்துக்கும் இருபத்துநாலாயிரம். வங்கிக்கு இதுவரை போன வட்டி ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது. ஐந்து வருடத்தில் தங்கச்சியின் மாதக்காசில் குறைந்தது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது. இல்லாத கொம்பனிக்கு எங்கள் கையால் கட்டிய வரி நாலாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. அப்பா எட்டிப் பார்த்து, "அண்டைக்கு எனக்கு ஒருநாள் சம்பளமும் போனது" என்றார். அது நூற்று நாற்பது. அதையும் எழுதிக் கூட்டி, கோடு போட்டு, உறையை அவர் பக்கம் திருப்பினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும்.

நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து டொலர்.